செடிச் சர்க்கரையைத் திருத்தி மருந்தாக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: தாவரப் பாலிசாக்கரைடுகளை வேதிமுறையில் மாற்றி, புற்றுக்கட்டிக்கு எதிரான அவற்றின் ஆற்றலைக் கூட்டுவது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பதில் சொல்கிற நான் சர்க்கரை வேதியியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மருத்துவர் அல்ல. சிகிச்சை பற்றி நான் சொல்வதை இதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளரும் என்று பயமுறுத்துகிறார்கள். அதே சர்க்கரையால் ஆன பாலிசாக்கரைடு எப்படி அம்மா கட்டியைக் கட்டுப்படுத்தும்? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

ஐயா, பாலிசாக்கரைடு என்பது நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் சர்க்கரை அலகுகள் கோத்த சங்கிலி. எந்த அலகு என்பது எவ்வளவு முக்கியமோ, அது எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்பதும் அவ்வளவு முக்கியம். மாவுச்சத்தில் இருப்பது குளுக்கோஸ். பருத்திப் பஞ்சின் செல்லுலோசில் இருப்பதும் குளுக்கோஸ்தான். முதலாவதில் ஆல்பா இணைப்பு. நம் எச்சிலே அதை அறுக்கத் தொடங்கிவிடும். இரண்டாவதில் பீட்டா இணைப்பு. அதை அறுக்க நம்மிடம் நொதியே கிடையாது.

இதில் பீட்டா-1,3 என்றொரு வகை இணைப்பு உண்டு; ஓர் அலகின் முதல் கார்பன் அடுத்த அலகின் மூன்றாம் கார்பனோடு சேர்வது. பூஞ்சைகளின் செல்சுவரில் அது நிறைய இருக்கிறது. அந்தச் சங்கிலியைக் கண்டால் நம் நோயெதிர்ப்புச் செல்கள் ‘பூஞ்சை வந்துவிட்டது’ என்று எடுத்துக்கொள்கின்றன. மேக்ரோஃபேஜ் என்கிற விழுங்கு செல்லின் மேற்பரப்பில் இதைப் பிடிக்கிற டெக்டின்-1 என்ற ஏற்பி இருப்பதை 2001-ல் அடையாளம் கண்டார்கள். சங்கிலி அதில் பொருந்தியதும் செல் சுறுசுறுப்பாகி, டி.என்.எஃப். ஆல்பா போன்ற தூதுப் புரதங்களைச் சுரக்கிறது. மற்ற எதிர்ப்புச் செல்களும் திரள்கின்றன. ஆக, இந்தச் சங்கிலிகளில் பல, கட்டியை நேராகத் தாக்குவதில்லை. தாக்க வேண்டியவர்களை எழுப்பிவிடுகின்றன.

செடிகளின் சங்கிலிகள் இவ்வளவு ஒழுங்கானவை அல்ல. அரபினோஸ், காலக்டோஸ், ராம்னோஸ், காலக்டுரோனிக் அமிலம் என்று பலதும் கலந்து, கண்டபடி கிளைவிட்டு நிற்கும். ஒரே செடியின் வேரிலும் இலையிலும் வேறு வேறாக இருக்கும். எங்கள் பிழைப்பு ஓடுவதும் அதனால்தான், எங்கள் தலைவலியும் அதனால்தான்.

கேள்வி: இயற்கை பார்த்துப் பார்த்துச் செய்ததை அமிலத்திலும் காரத்திலும் போட்டு ஏன் மாற்ற வேண்டும்? அப்படியே கொடுத்தால் என்ன? (வாசகி ஒருவர்)

இயற்கை அதைச் செய்தது செடிக்காக அம்மா. செல்சுவர் நிற்பதற்கும், தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கும், விதைக்கு உணவு சேமிப்பதற்கும் செய்தது. நம் உடலில் உண்டாகும் கட்டிக்கு அது மருந்தாக வேண்டும் என்ற கவலை செடிக்கு எதற்கு?

இந்தத் துறையின் பழைய கதை ஒன்றைச் சொல்கிறேன். கதாநாயகன் செடி அல்ல, பூஞ்சை. ஆய்வுக் கட்டுரைகளில்கூடப் பூஞ்சைச் சர்க்கரையையும் தாவரச் சர்க்கரையையும் ஒரே கூடையில் போட்டுவிடுவார்கள். நாம் பிரித்தே வைத்துக்கொள்வோம். ஜப்பானில் கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும் ஷிடாகே காளானிலிருந்து லென்டினன் என்ற பீட்டா குளுக்கனை (பீட்டா இணைப்பில் கோத்த குளுக்கோஸ் சங்கிலியை)ப் பிரித்து, அது எலிகளில் சார்கோமா-180 என்ற கட்டியைத் தடுப்பதை 1969-ல் வெளியிட்டார்கள். பைன் மர வேர்களில் வளரும் போரியா கோக்கோஸ் என்ற பூஞ்சையிலும் பாக்கிமன் என்ற பீட்டா குளுக்கன் உண்டு. முதுகெலும்பு அதே பீட்டா-1,3 தான். ஆனால் அதே கட்டியின் முன்னால் அது எதுவும் செய்யவில்லை.

வேறுபாடு பீட்டா-1,6 இணைப்பில் ஒட்டியிருந்த கிளைகளில் இருக்கலாம் என்று நினைத்தார்கள். அந்தக் கிளைகளை அறுக்க அவர்கள் எடுத்த கத்தி பெரயோடேட் என்ற வேதிப்பொருள். அருகருகே உள்ள இரண்டு கார்பன்களில் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH தொகுதி) இருந்தால்தான் பெரயோடேட் அங்கே வெட்டும். 1,6 இணைப்பில் உள்ள குளுக்கோசில் அப்படிப்பட்ட இடம் உண்டு. 1,3 இணைப்பில் உள்ள குளுக்கோசில் மிஞ்சியிருப்பது 2, 4, 6-ஆம் இடங்கள். எதுவும் அடுத்தடுத்து இல்லை. எனவே முதுகெலும்பு தப்பிக்கும், கிளை மட்டும் சிதையும். பிறகு போரோஹைட்ரைடு, அதன்பின் லேசான அமிலம். கிளைகள் உதிர்ந்து மிஞ்சியதற்குப் பாக்கிமரன் என்று பெயர் வைத்தார்கள். ஒன்றுக்கும் உதவாதிருந்த பொருள், கட்டியை வலுவாகத் தடுத்தது. 1970-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. எனக்கு இன்றைக்கும் இந்த வேலை அழகாகத் தோன்றுகிறது: எதையும் ஒட்டவில்லை, கழித்தார்கள், அவ்வளவுதான்.

உடனே ‘கிளை கூடாது’ என்று சட்டம் எழுதிவிடாதீர்கள். லென்டினனிலேயே ஐந்து குளுக்கோசுக்கு இரண்டு கிளை இருக்கிறது. அது வேலை செய்கிறது.

இனி செடிக்கு வருகிறேன். எலுமிச்சை, ஆரஞ்சு வகைத் தோலில் பெக்டின் என்ற பாலிசாக்கரைடு உண்டு. பி16-எஃப்1 என்ற மெலனோமா (தோல் புற்று) செல்களோடு பெக்டினைச் சேர்த்து எலியின் இரத்தத்தில் செலுத்தி, நுரையீரலில் எத்தனை கட்டிகள் முளைக்கின்றன என்று 1992-ல் பார்த்தார்கள். இயற்கையான பெக்டின் கட்டிகளைக் கூட்டியது. நன்றாகக் கவனியுங்கள், கூட்டியது. அதே பெக்டினை முதலில் காரத்திலும் பிறகு அமிலத்திலும் வைத்து, சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கிச் செலுத்தியபோது கட்டிகள் குறைந்தன. அந்தத் துண்டுகளில் வெளியே தெரியும் காலக்டோஸ், காலக்டின்-3 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்வதாக விளக்கம் சொல்கிறார்கள். புற்றுச்செல்கள் ஒன்றோடொன்று ஒட்டவும் இரத்தக்குழாய்ச் சுவரில் தங்கவும் அந்தப் புரதம் உதவுகிறது. ‘இயற்கையானது, அதனால் நல்லது’ என்று என்னிடம் யாராவது ஆரம்பித்தால் இந்தச் சோதனையைத்தான் எடுத்து நீட்டுவேன்.

கேள்வி: மேடம், சல்பேட் ஏற்றுவது, கார்பாக்சிமெத்தில் ஏற்றுவது என்று படிக்கிறோம். உண்மையில் கூடத்தில் என்ன நடக்கும்? (முதுகலை மாணவர்)

தம்பி, புத்தகத்தில் ஒரு அம்புக்குறி போட்டு முடித்துவிடுவார்கள். அந்த அம்புக்குறிக்குள் ஒரு வாரம் இருக்கிறது.

முதலில் சர்க்கரையை எடுக்க வேண்டும். செடித்தூளை வெந்நீரில் வேகவைத்து, வடிகட்டி, சுண்டவைத்து, நான்கு மடங்கு எத்தனால் ஊற்றினால் பாலிசாக்கரைடு வெள்ளையாகவோ பழுப்பாகவோ திரண்டு விழும். கூடவே புரதமும் வரும். குளோரோஃபார்மும் பியூட்டனாலும் நான்குக்கு ஒன்று கலந்து குலுக்கினால் இரண்டு அடுக்குக்கும் நடுவே புரதம் ஆடைபோல் படியும். அதை எடுத்துவிட்டு மறுபடி குலுக்க வேண்டும். ஆடை படியாத வரைக்கும் குலுக்கல்தான். பிறகு டயாலிசிஸ் பை (சிறு மூலக்கூறுகள் மட்டும் வெளியேறும் மென்படலப் பை), அயனிமாற்றப் பத்தி, அளவுப் பிரிப்புப் பத்தி. இத்தனைக்கும் பிறகு கையில் வருவது, தொடங்கிய தூளில் மிகச் சிறிய பங்கு.

சல்பேட் ஏற்றுவது என்றால் சங்கிலியின் ஹைட்ராக்சிலில் சல்பேட் தொகுதியை ஒட்டுவது. அதற்குப் பழைய வழி குளோரோசல்போனிக் அமிலமும் பிரிடினும். உலர்ந்த பிரிடினை ஐஸும் உப்பும் வைத்த தொட்டியில் குளிரவைத்து, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒவ்வொரு சொட்டுக்கும் புகை எழும்பும்; குடுவையில் திடப்பொருள் படியத் தொடங்கும். குளோரோசல்போனிக் அமிலத்தில் தண்ணீர் பட்டால் வெடிப்பதுபோல் சீறும், ஆகையால் குடுவை, புனல், கம்பி எல்லாமே அடுப்பில் உலர்ந்திருக்க வேண்டும். பிரிடின் வாடை சட்டையில் ஏறினால் துவைத்தாலும் லேசில் போகாது. புகைக்கூண்டுக்கு வெளியே இந்த வேலையைச் செய்ய நான் யாரையும் விடுவதில்லை. பிறகு ஃபார்மமைடில் ஊறவைத்த சர்க்கரையைச் சேர்த்து, சூடேற்றிச் சில மணி நேரம் கலக்குவோம். கலவை மஞ்சளாகி, பழுப்பாகும். கறுத்துக்கொண்டே போனால் சங்கிலி சிதைகிறது என்று அர்த்தம். வேண்டியது சல்பேட், ஆனால் அமிலமும் சூடும் சேர்ந்தால் அவை சங்கிலியையும் அறுக்கும். ஆற்றல் மாறியது சல்பேட்டாலா, சங்கிலி குட்டையானதாலா என்ற கேள்வி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பல கட்டுரைகள் அதைக் கண்டும் காணாமல் போகின்றன.

சோடியம் ஹைட்ராக்சைடு போட்டு நடுநிலையாக்கியதும் குடுவை நிறைய உப்பு. மறுபடி டயாலிசிஸ். பையைச் சுற்றியுள்ள தண்ணீரில் கொஞ்சம் எடுத்துப் பேரியம் குளோரைடு இரண்டு சொட்டு விடுங்கள். வெள்ளையாகக் கலங்கினால் இன்னும் தனிச் சல்பேட் வெளியே வந்துகொண்டிருக்கிறது. தண்ணீரை மாற்றுங்கள், மறுநாள் பாருங்கள். கலங்காத நாள் வரும்வரை பொறுமை வேண்டும். அவசரப்பட்டுப் பையை எடுத்துவிட்டால், சங்கிலியில் ஒட்டாத சல்பேட்டையும் ஒட்டியதாகக் கணக்கிட்டு, உங்கள் பதிலீட்டு அளவு (ஓர் அலகில் சராசரியாக எத்தனை ஹைட்ராக்சிலில் ஏறியது என்ற எண்) அபாரமாக வரும். அபாரமாக வருகிற எண்ணைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கார்பாக்சிமெத்தில் ஏற்றுவது ஒப்பீட்டில் சாது: ஐசோபுரோப்பனாலில் சர்க்கரையை மிதக்கவிட்டு, சோடியம் ஹைட்ராக்சைடு, பிறகு மோனோகுளோரோ அசிட்டிக் அமிலம். தண்ணீரில் கரைய மறுக்கிற சங்கிலிகூட இதன்பிறகு கரைந்துவிடும். மேலே சொன்ன பாக்கிமரனும் தண்ணீரில் கரையாது. கார்பாக்சிமெத்தில் ஏற்றிய பிறகுதான் அதைக் கரைசலாகக் கையாள முடிந்தது. கரையாத பொருளை ஊசியில் எப்படி ஏற்றுவீர்கள்? மாற்றத்தின் பலன் சில நேரம் இவ்வளவு சாதாரணமானது. அசிட்டைல், பாஸ்பேட் ஏற்றுவதும் உண்டு; அடிப்படை ஒன்றே என்பதால் விடுகிறேன்.

கேள்வி: அப்படியென்றால் எவ்வளவு அதிகம் ஏற்றுகிறோமோ அவ்வளவு ஆற்றல் கூடுமா?

கூடாது. ஒரு குளுக்கோஸ் அலகில், சங்கிலியில் கோத்தது போக, மூன்று ஹைட்ராக்சில்தான் மிஞ்சும். ஆகவே பதிலீட்டு அளவின் உச்சம் 3. ஆறாம் கார்பனில் உள்ளது நெருக்கடி இல்லாத இடத்தில் இருப்பதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஏறும். உச்சத்தை நோக்கிப் போகப் போக எதிர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளி, சங்கிலி விறைத்து, இயல்பான வடிவத்தை இழக்கிறது. ஏற்பி பிடிப்பதே வடிவத்தைத்தான். லென்டினன் போன்றவை மூன்று இழைகள் முறுக்கிய சுருளாக நிற்பவை. அந்த முறுக்கு அவிழ்ந்தால் ஆற்றலும் மாறிவிடும்.

இன்னொரு விலையும் உண்டு. சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலி இரத்தம் உறைவதைத் தடுக்கும். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினே அப்படிப்பட்ட ஒரு சங்கிலிதானே! கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்திருக்கும் நோயாளிக்கு இரத்தக்கசிவை உண்டாக்கும் பொருளைக் கொடுக்க எந்த மருத்துவர் சம்மதிப்பார்?

2008-ல் நடந்ததை இங்கே நினைவுபடுத்த வேண்டும். பன்றிக் குடலிலிருந்து எடுக்கும் ஹெப்பாரின் மருந்தில், வேதிமுறையில் அளவுக்கு மீறிச் சல்பேட் ஏற்றிய காண்ட்ராய்ட்டின் என்ற இன்னொரு சர்க்கரைச் சங்கிலி கலந்திருந்தது. மருந்து ஏறியவர்களில் பலருக்கு இரத்த அழுத்தம் சட்டென்று விழுந்தது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. வழக்கமான தரச் சோதனைகளில் அந்தக் கலப்படம் ஹெப்பாரின்போலவே நடித்துத் தப்பித்திருந்தது. என்.எம்.ஆர். (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) வரைபடம் போன்ற நுட்பச் சோதனைகளில்தான் அகப்பட்டது. சாதாரண காண்ட்ராய்ட்டினைப் பலர் மூட்டுவலிக்காக மாத்திரையாக விழுங்குகிறார்கள். சல்பேட் கூடியதும் அதுவே உடம்பில் வேறு பாதையைத் திறந்துவிட்டது. மாற்றப்பட்ட சங்கிலி புதிய பொருள். மூலப்பொருளின் நற்பெயர் அதற்கு வாரிசுரிமையாக வராது.

கேள்வி: மேடம், என் செடிச் சர்க்கரைக்குச் சல்பேட் ஏற்றியதும் புற்றுச்செல் வளர்ச்சி பாதிக்கு மேல் குறைகிறது, மேக்ரோஃபேஜும் பிரமாதமாகத் தூண்டப்படுகிறது. ஆனால் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏன் என்றே புரியவில்லை. (ஆராய்ச்சி மாணவி)

நீங்கள் அனுப்பிய சுருக்கத்தைப் படித்தேன். திருப்பி அனுப்பியவர் என்ன எழுதினாரோ தெரியாது. நானாக இருந்தால் எண்டோடாக்சின் எங்கே என்று கேட்டிருப்பேன்.

கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள கொழுப்புச் சர்க்கரைதான் எண்டோடாக்சின். செடித்தூளில், தண்ணீரில், கண்ணாடிக் குடுவையில் எல்லா இடத்திலும் அது இருக்கும். கொதிக்கவைத்தாலும் அழியாது. எத்தனாலில் உங்கள் சர்க்கரையோடு சேர்ந்தே விழும். மில்லிலிட்டருக்கு ஒரு நானோகிராம் இருந்தாலே மேக்ரோஃபேஜ் துள்ளி எழுந்துவிடும். நீங்கள் சேர்த்திருப்பது மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோகிராம் சர்க்கரை. அதில் லட்சத்தில் ஒரு பங்கு எண்டோடாக்சின் கலந்திருந்தால் போதும், நீங்கள் அளந்தது செடியின் வேலையாக இருக்காது.

இதில் ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. 1943-ல் மரே ஷியர் குழுவினர் செராட்டியா என்ற பாக்டீரியாவிலிருந்து ஒரு ‘பாலிசாக்கரைடை’ எடுத்து எலிகளுக்குக் கொடுக்க, கட்டிகளுக்குள் இரத்தம் கசிந்து அவை அழுகின. பின்னாளில் தெரிந்தது, அந்தப் பொருள் எண்டோடாக்சின் என்று. ஆக, கட்டியைச் சுருக்கும் சர்க்கரை என்ற போலித் தோற்றத்தை உண்டாக்க இதைவிடப் பொருத்தமான அசுத்தம் கிடைக்காது!

சோதிப்பதும் எளிதல்ல. குதிரைலாட நண்டின் இரத்தத்திலிருந்து செய்யும் எல்.ஏ.எல். வினைப்பொருள் வழக்கமானது. ஆனால் அது பீட்டா-1,3 குளுக்கனுக்கும் வினைபுரியும். உங்கள் சங்கிலியையே எண்டோடாக்சின் என்று காட்டிவிடலாம். குளுக்கன் பாதையை அடைக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். பாலிமிக்சின்-பி சேர்த்து எண்டோடாக்சினை மடக்கிப் பார்ப்பதும் உண்டு. ஆனால் பாலிமிக்சின் நேர்மின்னூட்டம் கொண்டது, உங்கள் சல்பேட் சங்கிலி எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டால் முடிவைப் படிக்கவே முடியாது. ஒரு சோதனையை மட்டும் நம்பாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

புற்றுச்செல் குறைந்த சங்கதிக்கு வருவோம். எம்.டி.டி. சோதனைதானே செய்தீர்கள்? மஞ்சள் உப்பை உயிருள்ள செல் ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்தால் செல் குறைந்தது என்று கணக்கு. சோதனைத் தட்டில் செல்லே இல்லாத குழிகளில் உங்கள் மாதிரியை மட்டும் போட்டு ஒரு தடவை பாருங்கள். செடியின் பாலிஃபீனால் ஒட்டியிருந்தால் அதுவே ஊதாவை உண்டாக்கிக் கணக்கைக் குழப்பும். பிரிடினோ ஃபார்மமைடோ மிஞ்சியிருந்தால் அதுவே செல்லைக் கொல்லும். சல்பேட் ஏற்றாத சர்க்கரையையும் அதே பிரிடின், அதே சூடு, அதே டயாலிசிஸ் வழியாக, அமிலம் மட்டும் இல்லாமல் கொண்டுபோய் ஒப்பிட்டீர்களா? உங்கள் சுருக்கத்தில் அந்தக் கட்டுப்பாட்டு மாதிரியைக் காணோம்.

எலிச் சோதனைக்குப் போகிறீர்கள் என்றால் சார்கோமா-180 மட்டும் போதாது. அந்தக் கட்டி எந்த எலி வம்சத்திலும் வளரும். எலிக்கு அது அந்நியத் திசுவும்கூட. எதிர்ப்பாற்றலைக் கொஞ்சம் தட்டிவிட்டாலே எலியின் உடல் அதை நிராகரிக்கத் தொடங்கும். மனிதனுக்கு வரும் கட்டியோ அவனுடைய சொந்தச் செல்லிலிருந்து வருவது. எலியின் அதே வம்சத்தில் பிறந்த கட்டியிலும் பலன் வந்தால் நம்பிக்கை கொஞ்சம் கூடும்.

கேள்வி: என் அக்காவுக்கு மார்பகப் புற்று. கீமோ நடக்கிறது. செலினியம் ஏற்றிய மூலிகைப் பாலிசாக்கரைடு காப்ஸ்யூல் என்று ஒருவர் கொடுத்திருக்கிறார். ‘இயற்கைதான், பக்கவிளைவே இல்லை’ என்கிறார். கொடுக்கலாமா அம்மா?

அக்காவின் புற்றுநோய் மருத்துவரிடம் அந்தப் புட்டியைக் கொண்டுபோய்க் காட்டாமல் கொடுக்காதீர்கள். இது முதல் பதில். கீமோவை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாம் என்று அந்த ஒருவர் சொன்னால், அவர் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். இது இரண்டாவது.

இப்போது வேதியியல். செலினியம் ஏற்ற, சர்க்கரையை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் சோடியம் செலினைட்டோடு சூடாக்குவார்கள். பேரியம் குளோரைடு வினையூக்கி. ‘இயற்கைதான்’ என்பது அந்தக் குடுவையோடு முடிந்தது. பிறகு ஒட்டாத செலினைட்டையும் பேரியத்தையும் கழுவி எடுக்க வேண்டும். டயாலிசிஸ் நீரில் அஸ்கார்பிக் அமிலம் விட்டால், செலினைட் மிச்சம் இருந்தால் செந்நிறம் தோன்றும். அது தோன்றாத வரை கழுவ வேண்டும். உங்கள் காப்ஸ்யூலைச் செய்தவர் அந்தச் செந்நிறம் மறையும்வரை காத்திருந்தாரா? லேபிளில் அது தெரியாது. செலினைட் தனியாகவே செல்களைக் கொல்லும், புற்றுச்செல்லையும் நல்ல செல்லையும்.

அளவுக்கு வருகிறேன். வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்குத் தேவை சுமார் 55 மைக்ரோகிராம் செலினியம். 400 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று அமெரிக்க வழிகாட்டுதல் வகுத்திருக்கிறது. முடி உதிர்வும் நகம் நொறுங்குவதும் அளவு மீறியதன் அடையாளங்கள். கீமோவிலும் முடி உதிரும் என்பதால் உங்களுக்குச் சந்தேகமே வராமல் போகலாம். செலினியம் புற்றைத் தடுக்குமா என்று 35,000-க்கும் மேற்பட்ட ஆண்களிடம் செலக்ட் என்ற பெரிய ஆய்வு நடந்தது. புரோஸ்டேட் புற்றை அது குறைக்கவில்லை என்று கண்டு, 2008-ல் மாத்திரைகளை நிறுத்தினார்கள். அதில் கொடுத்தது செலினோமெத்தியோனின், உங்கள் காப்ஸ்யூலில் இருப்பது வேறு. ஆனாலும் ‘செலினியம் என்றாலே பாதுகாப்பு’ என்று சொல்வதற்கு இடமில்லை.

இன்னொன்று, வாய்வழியாகப் போகிற பெரிய சங்கிலி அப்படியே இரத்தத்தில் கலக்காது. பெரும்பகுதி பெருங்குடலுக்குப் போய்ப் பாக்டீரியாக்களுக்கு உணவாகும். அதற்கும் பலன் இருக்கலாம்; ஆனால் ஊசி போட்ட எலியின் முடிவைக் காப்ஸ்யூலின் மேல் அச்சிடுவது நேர்மை இல்லை.

அக்கா குணமாக வேண்டும் என்ற உங்கள் தவிப்பு புரிகிறது. மருத்துவரிடம் கேட்கத் தயங்காதீர்கள். திட்டுவார் என்று பயந்து மறைப்பதுதான் ஆபத்து.

கேள்வி: கற்றாழையிலும் பாலிசாக்கரைடு இருக்கிறதாமே! தினம் சாறு குடித்தால் போதாதா?

போதாது. அதில் அசிட்டைல் ஏறிய மன்னன் (மன்னோஸ் என்ற சர்க்கரையால் ஆன) சங்கிலி, அசெமன்னன், இருப்பது உண்மை. செடி தானாகவே அசிட்டைல் ஏற்றி வைத்திருக்கிறது என்பது எங்களுக்குச் சுவாரசியம். உங்கள் டம்ளருக்கு அதில் சிகிச்சை எதுவும் இல்லை.

கேள்வி: எலியை விட்டு மனிதனுக்கு வந்தது ஏதாவது உண்டா, இல்லை எல்லாம் கட்டுரையோடு சரியா?

உண்டு. ஆனால் அமோக வெற்றி என்று சொல்ல முடியாது. ஜப்பானில் டிராமெட்டஸ் காளானிலிருந்து எடுத்த பி.எஸ்.கே. என்ற பாலிசாக்கரைடு மருந்து 1977-லும், லென்டினன் ஊசி இரைப்பைப் புற்றுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுக்க 1985-லும் அனுமதி பெற்றன. இரண்டுமே பூஞ்சை, இரண்டுமே துணை மருந்து, தனி மருந்து அல்ல. லென்டினனுக்குச் சாதகமாகப் பழைய ஆய்வுகள் இருந்தாலும், எஸ்-1 என்ற கீமோ மாத்திரையோடு அதைச் சேர்த்துப் பார்த்த பின்னாளைய மூன்றாம் கட்ட ஆய்வில் நோயாளிகளின் ஆயுள் நீளவில்லை.

வேதிமுறையில் மாற்றியவற்றில், துண்டாக்கிய சிட்ரஸ் பெக்டினைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். 1995-ல் எலிகளுக்குக் குடிநீரில் கலந்து கொடுத்தபோது புரோஸ்டேட் புற்று நுரையீரலுக்குப் பரவுவது குறைந்தது. மூலக்கட்டி மட்டும் வளர்ந்தபடியே இருந்தது. 2003-ல் வந்த சிறிய ஆய்வில் 10 ஆண்களில் 7 பேருக்குப் பி.எஸ்.ஏ. (புரோஸ்டேட் புற்றின் போக்கைக் காட்டும் இரத்தப் புரதம்) இரட்டிப்பாகும் காலம் நீண்டது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாததால், அதை அறிகுறி என்று சொல்லலாம், ஆதாரம் என்று சொல்ல மாட்டேன். கொத்தவரை விதைப் பிசினின் காலக்டோமன்னனைத் துண்டாக்கிக் கீமோவோடு ஊசியாகப் போட்டுப் பார்த்ததும் உண்டு.

பி.ஐ.-88 என்ற மருந்து எனக்குப் பிடித்த உதாரணம், தோற்றுப்போனதுதான் என்றாலும். ஈஸ்ட்டின் பாஸ்போமன்னனை உடைத்துச் சல்பேட் ஏற்றியது. புற்றுச்செல் தன்னைச் சுற்றியுள்ள ஹெப்பரான் சல்பேட் வேலியை வெட்டப் பயன்படுத்தும் ஹெப்பரனேஸ் நொதியை அது அடைக்கும். இலக்கு தெளிவு, வேதியியல் தெளிவு. கல்லீரல் புற்று அறுவைக்குப் பிறகு கொடுத்துப் பார்த்த மூன்றாம் கட்டம் வரை வந்தது. அங்கே எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. இவ்வளவு தெளிவாகச் செய்ததே அங்கே நின்றுவிட்டது. எந்த நொதி, எந்த ஏற்பி என்று சொல்லாமல் ‘ஆற்றல் கூடியது’ என்று மட்டும் எழுதும் கட்டுரைகள் எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி: இவ்வளவு சந்தேகம் இருக்கிறதென்றால், முனைவர் பட்டத்துக்கு நான் இந்தத் தலைப்பை எடுக்கலாமா, விட்டுவிடட்டுமா? (ஆய்வுக்குச் சேரப்போகும் மாணவர்)

எடுங்கள். நல்ல கைகள் குறைவாக இருக்கும் துறை இது. செய்ய வேண்டியது புதுப்புதுச் செடியைத் தேடுவதல்ல. செடிகளும் கட்டுரைகளும் ஏற்கெனவே நிறைய. ஒரே ஒரு செடி, அதிலிருந்து தூய்மையாகப் பிரித்தெடுத்த ஒரே ஒரு பகுதி, அதில் சங்கிலி நீளம் மாறாமல் பதிலீட்டு அளவு மட்டும் மாறும் வரிசை ஒன்று. பதிலீட்டு அளவு மாறாமல் நீளம் மட்டும் மாறும் வரிசை இன்னொன்று. இரண்டையும் தனித்தனியே பிரித்துக் காட்டினால், எது உண்மையில் வேலை செய்கிறது என்று சொல்ல முடியும். சல்பேட் எந்தக் கார்பனில் ஏறியது என்பதை என்.எம்.ஆரில் பாருங்கள், அகச்சிவப்பு வரைபடத்தில் 1250 செ.மீ⁻¹-க்குப் பக்கத்தில் ஒரு முகடு வந்துவிட்டது என்று நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த முகடு சல்பேட் இருப்பதைச் சொல்லும், இடத்தைச் சொல்லாது. அந்த ஏற்பி வழியாகத்தான் வேலை நடக்கிறதா என்று பார்க்க, டெக்டின்-1 இல்லாத எலியின் செல்களைத் தரக்கூடிய நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடம் ஒன்றோடு தொடக்கத்திலேயே பேசி வையுங்கள். எண்டோடாக்சின் சோதனைப் பெட்டிக்கான தொகையை முதல் ஆண்டு நிதிக் கோரிக்கையிலேயே சேர்த்துவிடுங்கள். மூன்றாம் ஆண்டில் போய்க் கேட்டால் ‘இத்தனை நாள் அது இல்லாமல்தானே செய்தாய்?’ என்பார்கள்.